நாற்பத்தொன்றாம் படம்

வெள்ளி இரவு,
பிரானூர் பார்டரில் மரவாடிகள் வாளை நிறுத்திய பிறகு
லாரி புக்கிங் ஆபீஸின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஐந்து பேர் படம் பார்க்கிறோம்.

பட்டியல் உலகம்மாளுடையது.
மரவாடியில் கணக்கு எழுதுகிறவள்.
தேக்கின் கன அடியை எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில்
ஞாயிறுதோறும் டிவியில் இரண்டு பேர் சொன்ன தீர்ப்பை
தொண்ணூறிலிருந்து நாலு வருசம் எழுதிவைத்திருக்கிறாள்.
ஒருவர் தடித்த கண்ணாடி,
இன்னொருவர் காதோரம் நரைத்த அம்மாள்.
அவர் ஆமென்றால் இவர் இல்லையென்பார்.
மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்ததுபோல
கடைசியில் இருவரும் ஒரு எண்ணில் இறங்குவார்கள்.

எண் ஆறு. முப்பத்தெட்டு மார்க்.
'கதாநாயகி அளவுக்கு மீறி அழுகிறார்.'
போன மாசம் பார்த்தோம், உலகம்மாள் எண்ணினாள்.
அவள் அழுதது இரண்டு தடவை.
அவன் அழுதது ஏழு.
"இருபத்தோரு வயசுல நானும் ஆமான்னுதானே தலையாட்டுனேன்."
முப்பத்தெட்டை அவள் அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு ஐம்பத்திரண்டு.

எண் பத்தொன்பது. எண்பது மார்க்.
கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த படம்.
எங்களுக்கோ இடைவேளைக்குள்
பரோட்டா ஆறுகிறதே என்ற கவலை.
குத்தாலிங்கம் மட்டும் விடவில்லை:
"அந்த மனுசன் அழுதாருவே. சும்மாவா அழுவாரு?"
ஆரியங்காவில் லாட்டரிக் கடை வைத்திருக்கும் லீலாம்மா
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு வாதாடுகிறாள்:
"அயாள் கரஞ்ஞா மதியோ? நமக்குக் கரச்சில் வரண்டே?"
அவள் ஊரில் கரைவது மனிதர்கள்.
எங்கள் பக்கம் காக்கையும் உப்பும்தான்.

எண் நாற்பத்தொன்று.
பெயர் இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு, ஜூன் இருபத்தொன்று.
'பார்க்க' என்று எழுதி
அங்கேயே நிற்கிறது வரி.
அன்றைக்குச் சாரல்.
கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பிவைத்த ஆன்டெனாவை
மேகம் வந்து மூடிக்கொள்ள,
அந்த அம்மாள் வாயெடுத்த நேரம்
திரை முழுக்க அரிசி புடைத்தது.
பார்க்கலாமா, பார்க்க வேண்டாமா,
பார்க்கச் சகிக்கவில்லையா.
உலகம்மாள் பக்கத்துத் தெருவிலும் கேட்டிருக்கிறாள்.
அங்கேயும் அரிசிதான்.
தீர்ப்பு தெரியாத படத்துக்கு யார் போவார்கள்?
நாலாம் நாள் போஸ்டர்மேல் வேறு போஸ்டர்.
இன்று எங்கே தேடியும் அகப்படவில்லை,
ஒரு பாட்டுக்கூட மிஞ்சவில்லை.

போனவர் ஒருவர் உண்டு. மைதீன் பிச்சை.
அப்போது லாரி கிளீனர், மழைக்கு ஒதுங்கியவர்.
"எப்படி இருந்துச்சு பாய்?"
"தூங்கிட்டேன்."

"தூங்க வச்ச படம். முப்பது போடு," என்றான் குத்தாலிங்கம்.
"ஏல, புனலூர்ல ஏத்துன தடி, ராத்திரி பூரா முழிப்பு.
நான் நின்னுக்கிட்டே தூங்குவேன். படத்தக் குத்தம் சொல்லாத."
"உறங்கான் விட்டல்லோ," என்றாள் லீலாம்மா.
"மரியாதையுள்ள சினிமா. அறுபது."

"முழிச்சப்ப என்ன ஓடுச்சு?"
உலகம்மாள் பென்சிலை எடுத்துவிட்டாள்.
மைதீன் பிச்சை சால்னாவில் விரலை வைத்தபடி யோசித்தார்.
"ஒரு பொம்பள. ஸ்டேஷன் பெஞ்சு.
செருப்பக் கழட்டிப் போட்டுட்டு காலை நீட்டி இருந்தா.
ரயிலு வந்துச்சு, போச்சு. அவ ஏறல.
வெளிய மழை விட்ட சத்தம் எனக்குக் கேக்குது.
நானும் எந்திரிக்கல."

பன்னிரண்டரை வரை சண்டை.
அவள் போக வந்தவளா, வந்து இறங்கியவளா.
காசில்லையா, மனசில்லையா.
ஏறப்போகிறவள் செருப்பை எதற்குக் கழற்றுவாள்?
புலியறைக்கு ஏறுகிற லாரிகள் ஒவ்வொன்றும்
எங்கள் ஷட்டரை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போயின.
மார்க் போடவில்லை உலகம்மாள்.
'பார்க்க' என்பதற்குக் கீழே
சின்னதாகச் 'செருப்பு' என்று எழுதி மூடினாள்.

நாற்பத்திரண்டாம் படம் கிடைக்கிறது,
போனிலேயே இருக்கிறது, அறுபத்தைந்து மார்க்.
மூன்று வெள்ளியாக அதைத் திறக்கவில்லை.
நேற்றுக்கூட, வண்டியை உதைத்துக் கிளப்பியவன்
அணைத்துவிட்டுக் கேட்டான் குத்தாலிங்கம்:
"பாய், அவ பக்கத்துல
பை ஏதும் இருந்துச்சா?"